'வரலாற்றில் இன்று' தொகுக்கப் போறீங்களா? முதல்ல தேதியைச் சந்தேகப்படுங்க

1826 ஜூலை 4. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்துக்கு அன்னைக்கு சரியா 50 வயசு. அன்னைக்கு மத்தியானம் தாமஸ் ஜெஃபர்சன் கண்ணை மூடுறார், சாயங்காலம் ஜான் ஆடம்ஸ் போறார், ரெண்டு பேரும் அந்தப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்டவங்க, ரெண்டு பேரும் அதிபரா இருந்தவங்க, அதுவும் ஒரு எலக்‌ஷன்ல இவர் அவரைத் தோற்கடிச்சு அடுத்த எலக்‌ஷன்ல அவர் இவரைத் தோற்கடிச்சு வருஷக்கணக்கா பேசாம இருந்து வயசான காலத்துல லெட்டர் எழுதி எழுதி ராசியானவங்க. ஜெஃபர்சன் இன்னும் இருக்கார்ங்கிற மாதிரி ஆடம்ஸ் கடைசியா ஏதோ சொன்னாராம், ஆனா அவர் சில மணி நேரம் முன்னாடியே போயிட்டார்னு இவருக்குத் தெரியாது, சேதி குதிரையில வரணுமே. இதோட விட்டுச்சான்னா இல்ல, அஞ்சு வருஷம் கழிச்சு 1831ல இன்னொரு முன்னாள் அதிபர் ஜேம்ஸ் மன்றோவும் அதே ஜூலை 4ல போறார்.

இதைப் படிச்ச அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம்தான் எனக்கு, இன்னும் விடல. தினம் ஒரு தேதியை எடுத்து வேற வேற வருஷத்துல அன்னைக்கு என்னென்ன நடந்துச்சுன்னு நாலஞ்சு வரி எழுதுறது. நோட்டீஸ் போர்டுல எழுதுறவங்க, க்விஸ் நடத்துறவங்க, ஸ்டேட்டஸ் போடுறவங்க, சும்மா தன் பிறந்த நாள்ல என்ன நடந்துச்சுன்னு தோண்டுறவங்கன்னு நிறைய பேர் இதை ஆரம்பிக்கிறாங்க, ஆரம்பிச்ச முதல் வாரத்துலயே தப்பு பண்றாங்க, நானும் பண்ணேன். ஏப்ரல் 23க்கு "1616ல ஷேக்ஸ்பியரும் செர்வான்டிஸும் ஒரே நாள்ல இறந்தாங்க"ன்னு பெருமையா போட்டேன் (செர்வான்டிஸ் ஸ்பெயின் எழுத்தாளர்), ஒரு ரிட்டயர்டு வரலாறு வாத்தியார் போன் பண்ணி "தம்பி, ஒரே தேதி சரி, ஒரே நாளா?"ன்னு மட்டும் கேட்டுட்டு வெச்சுட்டார். அந்தக் கேள்வியில இருந்து கத்துக்கிட்டதைத்தான் இங்க வரிசையா சொல்றேன்.

முதல் வேலை: ஷீட் போடுறது

ஒரு நோட்டோ கம்ப்யூட்டர்ல ஒரு ஷீட்டோ, ஏதாச்சும் ஒண்ணு. தேதி, வருஷம், எந்த ஊர், அந்த ஊர் மணி என்ன, எந்த காலண்டர், என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி, எந்த ரெண்டு இடத்துல பாத்து சரிபார்த்தேன். இவ்வளவு கட்டம் போதும். இதுல மணி, காலண்டர் ரெண்டையும் எல்லாரும் தேவையில்லன்னு விட்டுருவாங்க, அங்கதான் மாட்டுவாங்க, ஏன்னு கீழ வருது.

எக்செல்ல போடுறவங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணு. அதுக்கு 1900 ஜனவரி 1க்கு முன்னாடி உலகமே கிடையாது, 1826ன்னு தேதி போட்டா தேதியாவே எடுத்துக்காது, வெறும் எழுத்தாத்தான் வெச்சுக்கும். அது பத்தாதுன்னு 1900ஐ லீப் வருஷம்னு வேற நினைச்சுட்டு இருக்கு, இல்லாத பிப்ரவரி 29ஐ அந்த வருஷத்துல காட்டும் (ரொம்ப பழைய ஒரு சாஃப்ட்வேர்ல இருந்த தப்பு, அதோட ஒத்துப்போகணும்னு அப்படியே வெச்சிருக்காங்க). அதனால நாள், மாசம், வருஷம் மூணையும் மூணு தனித்தனி கட்டத்துல போடுங்க. மாசத்தை நம்பர்ல எழுதாதீங்க, எழுத்துல எழுதுங்க. 9/11ன்னு எழுதினா அமெரிக்காக்காரனுக்கு அது செப்டம்பர் 11, நியூயார்க் கோபுரம் விழுந்த நாள். ஐரோப்பாக்காரனுக்கு அதே 9/11 நவம்பர் 9, பெர்லின் சுவர் திறந்த நாள். ரெண்டுமே சரித்திரத்துல பெரிய நாளா போயிட்டதால தப்பா எழுதினாலும் சரியா எழுதின மாதிரியே இருக்கும், அதான் ஆபத்து.

ரெண்டாவது: சேர்க்கிறது

விக்கிபீடியா மாதிரி கலைக்களஞ்சியத்துல தேதிவாரியா பக்கம் இருக்கும், அங்க இருந்து அள்ளுங்க, அள்ளும்போது எதையும் நம்பாதீங்க. ஒரு தேதிக்கு முப்பது நாப்பது சம்பவம் கிடைக்கும், பாதிக்கு மேல போர், மீதி யாரோ பிறந்தாங்க யாரோ இறந்தாங்க. அப்புறமா வடிகட்டலாம்.

பழைய பேப்பரைப் பாத்து எடுக்கிறவங்க ஒண்ணை ஞாபகம் வெச்சுக்கணும், பேப்பர் மேல இருக்கிற தேதி சம்பவத்தோட தேதி இல்ல, அது அடுத்த நாள், சில சமயம் அதுக்கும் அடுத்த நாள். செய்திக்குள்ள "நேற்று இரவு"ன்னு இருந்தா ஒரு நாள் கழிக்கணும். ஆமா இதெல்லாம் சொல்லணுமான்னு தோணும், இந்த ஒரு நாள் பிசகுதான் எல்லா லிஸ்டுலயும் அதிகமா இருக்குன்னு பத்து லிஸ்டை ஒப்பிட்டுப் பாத்தா தெரியும்.

கிழமை கிடைச்சா குறிச்சுக்கோங்க. அது சும்மா இல்ல, செக் பண்ற கருவி. முதல் உலகப் போருக்கு இழுத்துட்டுப் போன சரயேவோ கொலை ஞாயித்துக்கிழமைன்னு புத்தகம் சொல்லுது, 1914 ஜூன் 28க்கு கிழமை கணக்குப் போட்டா ஞாயிறு வருது, சரி. வரலன்னா தேதி தப்பு, இல்ல காலண்டர் வேற.

மூணாவது: எந்த காலண்டர்?

இதுலதான் கொஞ்சம் உக்காரணும்.

ஜூலியஸ் சீசர் காலத்துல இருந்து வந்த பழைய காலண்டர்ல வருஷத்துக்கு 365 நாள் 6 மணி நேரம்னு கணக்கு. நிஜ வருஷம் அதைவிட பதினோரு நிமிஷம் சொச்சம் கம்மி. பதினோரு நிமிஷம்தானேன்னு விட்டா நாலாம் நூற்றாண்டுல இருந்து கணக்குப் போட்டாலே ஆயிரத்து இருநூத்தம்பது வருஷத்துல பத்து நாள் ஏறிப்போச்சு. 1582ல போப் பதிமூணாம் கிரிகோரி சரி பண்ணார், எப்படின்னா அக்டோபர் 4 வியாழக்கிழமை தூங்கி எழுந்தா அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை, நடுவுல பத்து தேதி காலி. கிழமை மட்டும் விட்டுப்போகல, வரிசையா ஓடுச்சு. அவிலா தெரசான்னு ஸ்பெயின்ல ஒரு துறவி, அவங்க இறந்தது சரியா அந்த ராத்திரி, அக்டோபர் 4க்கும் 15க்கும் நடுவுல இருக்கிற ஒரே ராத்திரி.

எல்லா நாடும் அன்னைக்கே மாறியிருந்தா நமக்கு வேலை இல்ல. ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி உடனே மாறிடுச்சு. போப் சொல்லி நாங்க கேக்கிறதான்னு இங்கிலாந்து 1752 வரைக்கும் இழுத்து செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14ன்னு போட்டாங்க. ரஷ்யா 1918ல, ஜனவரி 31க்கு அடுத்து பிப்ரவரி 14. கிரீஸ் 1923ல. அதனால 1616ல ஸ்பெயின்ல ஏப்ரல் 23ன்னா இங்கிலாந்துல ஏப்ரல் 13. செர்வான்டிஸ் போய் பத்து நாள் கழிச்சுத்தான் ஷேக்ஸ்பியர் போனார், புது கணக்குல அவரோட நாள் மே 3. அதோட செர்வான்டிஸ் இறந்தது 22ஆம் தேதி, 23 அடக்கம் பண்ண நாள்னுதான் இப்ப பொதுவா ஒத்துக்கிறாங்க. யுனெஸ்கோ உலகப் புத்தக நாளை ஏப்ரல் 23ன்னு வெச்சிருக்கு, வெச்சுக்கட்டும், அது நல்ல காரியம். ஆனா "ஒரே நாள்ல இறந்தாங்க"ன்னு எழுதாதீங்க, வாத்தியார் போன் பண்ணுவார்.

கணக்கு எளிது. 1582ல இருந்து 1700 வரைக்கும் பழைய தேதியோட 10 நாள் கூட்டணும், 1700களுக்கு 11, 1800களுக்கு 12, 1900ல இருந்து 13. ரஷ்யாவோட அக்டோபர் புரட்சி நவம்பர்ல கொண்டாடப்பட்டது இதனாலதான், 1917 அக்டோபர் 25 கூட 13, நவம்பர் 7.

இன்னொரு குழி, வருஷப் பிறப்பு. இங்கிலாந்துல 1752க்கு முன்னாடி சட்டப்படி வருஷம் மார்ச் 25லதான் பிறக்கும். ராஜா முதலாம் சார்லஸ் தலையை வெட்டினது ஜனவரி 30, 1649ன்னு நாம சொல்றோம், அன்னைக்கு எழுதின ஆவணத்துல 1648ன்னு இருக்கும். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தப்ப அவங்க வீட்டுக் கணக்குல 1731 பிப்ரவரி 11, இன்னைக்குக் கொண்டாடுறது 1732 பிப்ரவரி 22. நாளும் மாறிச்சு வருஷமும் மாறிச்சு, ஆள் ஒருத்தர்தான்.

இது தெரியாமத்தான் ஒரு அழகான கதை சுத்திக்கிட்டு இருக்கு, கலிலியோ செத்த வருஷம் நியூட்டன் பிறந்தார்னு. கலிலியோ 1642 ஜனவரி 8, அது இத்தாலி, புது காலண்டர். நியூட்டன் 1642 கிறிஸ்துமஸ், அது இங்கிலாந்து, பழைய காலண்டர், புதுசுக்கு மாத்தினா 1643 ஜனவரி 4. ரெண்டையும் ஒரே காலண்டர்ல வெச்சா ஒரே வருஷம் வரவே வராது. ஆனா ஸ்டீபன் ஹாக்கிங் பிறந்தது 1942 ஜனவரி 8, கலிலியோ போய் சரியா 300 வருஷம், இறந்தது 2018 மார்ச் 14, ஐன்ஸ்டைனோட பிறந்த நாள். இது ரெண்டும் எல்லா செக்கும் தாண்டி நிக்குது, தாராளமா போடுங்க.

சரி, எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திப் போடணுமா? வேண்டாம். சார்லஸை ஜனவரி 30லயே வைங்க, உலகம் அவரை அங்கதான் தேடும். பக்கத்துல "பழைய காலண்டர்"னு ஒரு வார்த்தை போட்டா போதும். ரெண்டு காலண்டர் தேதியைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஆச்சரியப்படும்போதுதான் மாத்திப் பாக்கணும்.

நாலாவது: யாரோட கடிகாரம்?

ஆம்ஸ்ட்ராங் நிலாவுல கால் வெச்சது 1969 ஜூலை 20ன்னு எல்லா லிஸ்டுலயும் இருக்கும். அமெரிக்க கிழக்குக் கடற்கரை நேரப்படி அது 20ஆம் தேதி ராத்திரி 10:56. இந்திய நேரப்படி 21ஆம் தேதி காலையில 8:26. லண்டன்லயே விடிகாலை, 21தான். அப்ப எந்த தேதி சரி? நிலாவுல எந்த ஊர் மணி ஓடுது சொல்லுங்க. அமெரிக்கா அனுப்பிச்சதால அவங்க தேதி நின்னுபோச்சு, அவ்வளவுதான்.

பேர்ள் ஹார்பர் டிசம்பர் 7, 1941ன்னு உலகத்துக்கே தெரியும். குண்டு போட்ட ஜப்பானுக்கு அது டிசம்பர் 8. இதுல வேடிக்கை, ஜப்பான் படை மலாயாவுல கோத்தா பாருவுல இறங்கினது பேர்ள் ஹார்பருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல முன்னாடி, ஆனா புத்தகத்துல அதோட தேதி டிசம்பர் 8, தேதியை மட்டும் பாத்து வரிசைப்படுத்தினா முதல்ல நடந்தது ரெண்டாவதா போயிரும். செர்னோபில் அணு உலை வெடிச்சது ஏப்ரல் 26, 1986 நடுராத்திரி தாண்டி 1:23, அதே நொடி லண்டன் கிரீன்விச் கணக்குல இன்னும் 25ஆம் தேதி. நம்ம விதி ஒண்ணுதான், சம்பவம் நடந்த ஊர் மணி. அதை எல்லா வரிக்கும் ஒரே மாதிரி கடைப்பிடிக்கணும், பொருத்தம் வர்றதுக்காக ஒரு இடத்துல அந்த ஊர் மணி ஒரு இடத்துல நம்ம மணின்னு மாத்தினா அது சீட்டாட்டத்துல சீட்டை ஒளிச்சு வெக்கிற வேலை.

நாள் எப்ப மாறுதுங்கிறதும் எல்லாருக்கும் ஒண்ணு இல்ல. நடுராத்திரி 12க்கு மாறுறது கடிகாரக் கணக்கு. யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சூரியன் மறைஞ்சா அடுத்த நாள். நமக்கு பழைய பழக்கத்துல விடிஞ்சாத்தான் அடுத்த நாள். பாரதியார் உயிர் பிரிஞ்சது 1921 செப்டம்பர் 11 ராத்திரி, ஆனா நடுராத்திரி தாண்டினப்புறம். ராத்திரியை முந்தின நாளோட சேர்த்தவங்க 11ன்னு எழுதினாங்க, கடிகாரத்தைப் பாத்தவங்க 12ன்னு எழுதினாங்க, ரெண்டு தேதியும் புத்தகங்கள்ல இருக்கு, ரெண்டு பேருமே பொய் சொல்லல. இந்த மாதிரி இடத்துல ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து "நள்ளிரவுக்குப் பின்"னு சேர்த்துட்டா சண்டை வராது.

அஞ்சாவது: சம்பவத்துல எந்த நிமிஷம்?

ஒரு சம்பவம் ஒரு நொடியில முடியாது. லிங்கனைச் சுட்டது 1865 ஏப்ரல் 14 ராத்திரி, உயிர் போனது 15 காலையில. டைட்டானிக் பனிப்பாறையில மோதினது 1912 ஏப்ரல் 14 ராத்திரி 11:40, முழுசா மூழ்கினது 15 விடிகாலை 2:20. ரெண்டும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி, 14 ராத்திரி அடி, 15 விடியும்போது முடிவு. 14ஆம் தேதி பக்கத்துல ரெண்டு அடியையும் வைங்க, இல்ல 15ல ரெண்டு முடிவையும் வைங்க. ஒண்ணோட அடியையும் இன்னொண்ணோட முடிவையும் கலந்துடாதீங்க.

ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனி சரணடைஞ்சது எப்போ? பிரான்ஸ்ல ரீம்ஸ்ங்கிற ஊர்ல கையெழுத்து போட்டது 1945 மே 7 விடிகாலை 2:41. அமலுக்கு வந்தது மே 8 ராத்திரி 11:01. ஸ்டாலின் இதை ஒத்துக்காம பெர்லின்ல இன்னொரு தடவை கையெழுத்து வாங்கினப்ப மாஸ்கோவுல மே 9 ஆயிருந்துச்சு. அதனால லண்டனும் பாரிஸும் 8ல கொண்டாடுது, ரஷ்யா 9ல. ஜப்பான் பேரரசர் ரேடியோவுல பேசினது ஆகஸ்ட் 15, முறையான கையெழுத்து செப்டம்பர் 2. அமெரிக்க சுதந்திரத்துக்கு ஓட்டுப் போட்டது ஜூலை 2, 1776, அந்த நாளைத்தான் பிற்காலத்துல பட்டாசு வெடிச்சுக் கொண்டாடுவாங்கன்னு ஆடம்ஸ் மனைவிக்கு லெட்டர் எழுதினார். ஜனங்க பிரகடன வாசகத்தை ஏத்துக்கிட்ட 4ஐப் பிடிச்சுக்கிட்டாங்க, அவரே கடைசியில அந்த 4லயே போனார். அதனால "சுதந்திரம்", "சரணடைதல்", "கண்டுபிடிப்பு"ன்னு மொட்டையா எழுதாதீங்க, ஓட்டெடுப்பா, கையெழுத்தா, அறிவிப்பா, அமலான்னு வினைச்சொல்லைச் சரியா போடுங்க. தேதி தானா சரியாயிரும்.

ஆறாவது: ஒரே தேதி, சரி, ஏன்?

எனக்கு இந்த வேலையில பிடிச்சதே இதுதான். ஒரே தேதியில ரெண்டு சம்பவம் வந்தா மூணு விதமா வரலாம். ஒண்ணு, சும்மா அமைஞ்சது. ரெண்டு, யாரோ வேணும்னே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது. மூணு, முதல் சம்பவம்தான் ரெண்டாவதை அந்த நாளுக்கு இழுத்துட்டு வந்தது. புதுசா வர்றவங்க எல்லாத்தையும் "என்ன ஒரு விதி!"ன்னு ஒரே மூட்டையில கட்டிடுவாங்க.

சும்மா அமையறதுங்கிறது நாம நினைக்கிறதைவிட ரொம்ப சாதாரணம். ஒரு ரூம்ல 23 பேர் இருந்தா அதுல ரெண்டு பேருக்கு ஒரே பிறந்த நாள் வர வாய்ப்பு பாதிக்கு மேல, 50 பேர்னா நூத்துக்கு 97. சரித்திரத்துல லட்சம் சம்பவம் இருக்கு, நாள் இருக்கிறது 366. லிங்கனும் டார்வினும் ஒரே நாள்ல, 1809 பிப்ரவரி 12ல பிறந்தாங்கன்னா அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல.

வேணும்னே தேர்ந்தெடுத்ததுக்கு நல்ல உதாரணம் ஜனவரி 26. 1930ல அந்த நாளை பூரண சுயராஜ்ய நாளா கொண்டாடினாங்க, அதை மறக்கக் கூடாதுன்னு 1949 நவம்பர் 26லயே ஏத்துக்கிட்ட அரசியலமைப்பை ரெண்டு மாசம் காக்க வெச்சு 1950 ஜனவரி 26ல முழுசா அமலுக்குக் கொண்டு வந்தாங்க. ஆகஸ்ட் 15ம் அப்படித்தான், ஜப்பான் சரணடைஞ்சதோட ரெண்டாம் ஆண்டுன்னுதான் அந்தத் தேதியைச் சொன்னேன்னு மவுன்ட்பேட்டனே பின்னாடி சொல்லியிருக்கார்.

ஒரே பக்கத்துல ரெண்டு வகையும் கலந்து வரும். மெக்சிகோவை எடுங்க. 1985 செப்டம்பர் 19 காலையில பெரிய பூகம்பம், ஆயிரக்கணக்குல சாவு. அந்த நினைவா வருஷா வருஷம் அதே நாள்ல நாடு முழுக்க பூகம்ப ஒத்திகை நடத்துறாங்க. 2017 செப்டம்பர் 19, காலை 11 மணிக்கு சைரன், எல்லாரும் கட்டடத்தை விட்டு இறங்கி ரோட்டுல நின்னு அப்புறம் சிரிச்சுக்கிட்டே மேல ஏறிப் போறாங்க, மத்தியானம் 1:14க்கு நிஜமாவே ஆட ஆரம்பிக்குது, அளவு 7.1. அஞ்சு வருஷம் கழிச்சு 2022 செப்டம்பர் 19, ஒத்திகை முடிஞ்சு ஒரு மணி நேரம்கூட ஆகல, திரும்பவும். ஒத்திகை அந்தத் தேதியில வந்தது மனுஷன் முடிவு பண்ணது. பூகம்பம் அந்தத் தேதியில வந்தது சும்மா அமைஞ்சது, பூமிக்கு அடியில தட்டுகளுக்கு காலண்டர் கிடையாது. ஈரான்ல பாம் நகரம் இடிஞ்சது 2003 டிசம்பர் 26, சரியா ஒரு வருஷம் கழிச்சு 2004 டிசம்பர் 26ல சுனாமி, அதுவும் அப்படியே. இதைப் படிச்சுட்டு யாராச்சும் அடுத்த டிசம்பர் 26க்கு பயமுறுத்தி மெசேஜ் போட்டா தயவு செஞ்சு பார்வர்ட் பண்ணாதீங்க.

இப்ப ஒரு தேதியை முழுசா பிரிச்சுப் பாப்போம். ஜூன் 28.

1389ல கொசோவோ சமவெளியில செர்பியர்களுக்கும் ஒட்டோமான் படைக்கும் போர். அன்னைய தேதி ஜூன் 15, பழைய காலண்டர். 13 நாள் கூட்டி ஜூன் 28ன்னு இப்ப கொண்டாடுறாங்க, ஆனா 13ங்கிறது இந்தக் காலத்து வித்தியாசம், 14ஆம் நூற்றாண்டுக்கு 8தான், ஒழுங்கா கணக்குப் போட்டா ஜூன் 23 வரும். பாருங்க, மூலமே அஞ்சு நாள் தள்ளி நிக்குது. இருந்தாலும் ஜனங்க மனசுல 28தான் பதிஞ்சிருக்கு, இனிமே நடக்கப் போறதுக்கு மனசுல இருக்கிறதுதான் முக்கியம்.

1900 ஜூன் 28. ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்ட், தன் குடும்பத்துக்கு அந்தஸ்துல சமமில்லாத சோஃபியைக் கல்யாணம் பண்ணிக்கிறதுக்காக, பிறக்கப் போற பிள்ளைங்களுக்கு சிம்மாசனம் கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்து போடுறார். 1914 ஜூன் 28, சரியா 14 வருஷம், அதே ஃபெர்டினாண்டும் அதே சோஃபியும் சரயேவோ தெருவுல கவ்ரிலோ பிரின்சிப் துப்பாக்கிக்கு சாகுறாங்க, செர்பியர்களோட கொசோவோ நினைவு நாள்ல. சத்தியத்துக்கும் கொலைக்கும் தேதி பொருந்தினது சும்மா. ஆனா அந்த நினைவு நாள்ல ஆஸ்திரிய இளவரசன் ஊர்வலம் வர்றது செர்பியர்களுக்கு எப்படிக் குத்தியிருக்கும்ங்கிறது சும்மா இல்ல.

1919 ஜூன் 28, வெர்சாய் ஒப்பந்தம், கொலை நடந்து சரியா அஞ்சு வருஷம். இங்க நிதானிக்கணும். 1914 கொலை போருக்கு இழுத்துச்சு, போர் ஒப்பந்தத்துல முடிஞ்சுச்சு, ஆக சம்பவத்துக்கும் சம்பவத்துக்கும் கயிறு இருக்கு. தேதிக்கும் தேதிக்கும் கயிறு இருக்காங்கிறது வேற கேள்வி. ஜெர்மனிக்குக் கொடுத்த கெடு ஜூன் 23, கடைசி நேரத்துல அவங்க தலையாட்டினதுக்கு அப்புறம்தான் கையெழுத்து போட ஆளே வந்தாங்க. "பழி தீர்க்க அதே நாளைத் தேர்ந்தெடுத்தாங்க"ன்னு எழுத கை துடிக்கும், ஆதாரம் கையில இல்லாம எழுதாதீங்க, "அஞ்சு வருஷம் கழிச்சு அதே நாள்ல"ன்னு மட்டும் எழுதினாலே கனமா இருக்கும்.

1989 ஜூன் 28, போர் நடந்த அதே சமவெளியில 600ஆம் ஆண்டு விழா, செர்பியத் தலைவர் மிலோசெவிச் பெரிய கூட்டத்துக்கு முன்னாடி பேசுறார். இது வேணும்னே வெச்ச நாள், சந்தேகமே இல்ல. 2001 ஜூன் 28, அதே மிலோசெவிச்சை ஹேக் நகரத்துப் போர்க்குற்ற நீதிமன்றத்துக்கு அனுப்புறாங்க. ஆகா, சரித்திரம் வட்டமடிச்சிடுச்சுன்னு எல்லாரும் எழுதினாங்க. நிஜத்துல அவசரத்துக்குக் காரணம், அடுத்த நாள் ப்ரஸ்ஸல்ஸ்ல யூகோஸ்லாவியாவுக்கு நிதி உதவி கொடுக்கிற மாநாடு, ஆளை அனுப்பாம போனா பணம் கிடைக்கிறது கஷ்டம். 600 வருஷத்துக்கு முந்தின போர் அந்தத் தேதியைக் குறிக்கல, ஒரு மீட்டிங் குறிச்சுது.

ஒரே தேதிக்குள்ள சும்மா அமைஞ்சதும் இருக்கு, வேணும்னே வெச்சதும் இருக்கு பாருங்க. நவம்பர் 9ஐயும் இதே மாதிரி நீங்களே பிரிச்சுப் பழகலாம்: 1918ல ஜெர்மனி குடியரசு, 1923ல ஹிட்லரோட தோத்துப்போன மியூனிக் கலகம், 1938ல யூதர் கடைகளையும் கோயில்களையும் நொறுக்கின ராத்திரி, 1989ல சுவர். மூணாவது வகைக்கு ஒரு குறிப்பு மட்டும் தர்றேன், 1938 அன்னைக்கு நாஜித் தலைவர்கள் எல்லாரும் ஒரே ஊர்ல கூடியிருந்ததே 1923ஐ நினைவு கொண்டாடத்தான். 1989க்கு அப்படி ஒண்ணும் கிடையாது, பத்திரிகையாளர் கூட்டத்துல கிழக்கு ஜெர்மனி கட்சிக்காரர் ஒருத்தர், எல்லையைத் தாண்ட அனுமதி எப்ப இருந்துன்னு கேட்டதுக்கு, கையில இருந்த பேப்பரை சரியா படிக்காம "உடனடியா"ன்னு சொல்லிட்டார்.

எழுதறது

இது சின்ன வேலை. அஞ்சு ஆறு வரி போதும், முப்பது போட்டா யாரும் படிக்க மாட்டாங்க. போர் மேல போர் அடுக்காதீங்க. மே 8ஐ எடுத்தா 1945ல ஐரோப்பாவுல போர் முடிஞ்சது எல்லா லிஸ்டுலயும் இருக்கும், கூடவே 1828ல செஞ்சிலுவைச் சங்கத்தோட மூலகர்த்தா ஹென்றி டுனான்ட் பிறந்தது, 1902ல மார்ட்டினிக் தீவுல பெலே எரிமலை ஒரு நகரத்தையே சில நிமிஷத்துல அழிச்சது, 1980ல பெரியம்மை உலகத்துல இருந்தே ஒழிஞ்சதுன்னு உலக சுகாதார சபை அறிவிச்சது, இதெல்லாம் சேர்ந்தாத்தான் அது ஒரு பக்கம் மாதிரி இருக்கும். என்னைக் கேட்டா பெரியம்மைதான் முதல் வரி.

"டைட்டானிக் மூழ்கிய நாள் இன்று"ன்னு எழுதறதுக்குப் பதிலா "1912 ஏப்ரல் 15: முந்தின ராத்திரி பனிப்பாறையில மோதின டைட்டானிக் விடிகாலை 2:20க்கு மூழ்கியது, இறந்தவங்க 1,500 பேருக்கு மேல"ன்னு எழுதிப் பாருங்க, கொஞ்சம் நீளம்தான், ஆனா கேள்வி கேக்க இடமில்ல.

சுத்துற கதைகளை உள்ள விடாதீங்க. லிங்கனுக்கு கென்னடின்னு ஒரு செக்ரட்டரி இருந்தார்ங்கிற பழைய கப்ஸா இன்னும் உயிரோட இருக்கு, லிங்கனோட செக்ரட்டரிங்க நிகோலே, ஹே. அஞ்சு வெள்ளி, அஞ்சு சனி, அஞ்சு ஞாயிறு ஒரே மாசத்துல வர்றது 823 வருஷத்துக்கு ஒரு தடவைதான்னு ஒரு மெசேஜ் வரும், 31 நாள் மாசம் வெள்ளிக்கிழமை பிறந்தா போதும் அது வந்துரும், பெரும்பாலும் வருஷா வருஷம் வருது. எந்த காலண்டரையாச்சும் எடுத்துப் புரட்டினா அஞ்சு நிமிஷத்துல தெரியும், புரட்டத்தான் ஆள் இல்ல.

கடைசியா ஷீட்டுல பக்கம் பிரிக்கும்போது 365 போதாது, பிப்ரவரி 29க்கு ஒரு பக்கம் விடுங்க, மொரார்ஜி தேசாய் 1896ல பிறந்தது, 1960ல மொராக்கோவுல அகாதிர் பூகம்பம்னு அதுக்கும் சரக்கு இருக்கு. நான் இன்னொரு பக்கமும் விட்டிருக்கேன், பிப்ரவரி 30. சிரிக்காதீங்க, ஸ்வீடன்ல 1712ல அப்படி ஒரு நாள் நிஜமாவே இருந்துச்சு, 1700ல கொஞ்சம் கொஞ்சமா புது காலண்டருக்குப் போகலாம்னு ஆரம்பிச்சு பாதியில குழம்பி, பழையதுக்கே திரும்பிப் போக ஒரு நாள் இடிச்சதால பிப்ரவரியில கூடுதலா ஒண்ணைச் சேர்த்தாங்க. அதுக்கு நேர் எதிரா பசிபிக் கடல்ல இருக்கிற சமோவா தீவு நாட்டுக்கு 2011 டிசம்பர் 30ங்கிற நாளே கிடையாது, தேதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தாவுறதுக்காக 29 ராத்திரி படுத்து 31 காலையில எழுந்தாங்க. டிசம்பர் 30 பக்கத்துல அதை முதல் வரியா வெச்சிருக்கேன், "இந்த ஊர்ல இன்னைக்கு ஒண்ணுமே நடக்கல"ன்னு.